ரத்தம் டானிக் அல்ல

“உடம்புல ரத்தமே இல்ல, ஒரு பாட்டில் ஏத்துனா தெம்பாயிரும்.”

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி ரத்தம் ஒரு மருந்து. ரத்த வங்கி நடத்தவே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். ஹீமோகுளோபின் 7 கிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ போதும். பிரசவம் நெருங்கிவிட்டால், ரத்தப்போக்கு இருந்தால் கணக்கு வேறு.

“சொந்தக்காரர் ரத்தம்னா பயமில்ல.”

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்ஐவி இருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தம், ஓர் இளைஞர் தன் உறவினருக்காகக் கொடுத்தது. 2016-இல் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருக்கிறது. அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரியவந்ததும் அவரே ஓடிவந்து சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. அவரைக் குற்றவாளியாகப் பேசுவது அநியாயம். தவறு முழுக்கப் பரிசோதனையிலும் பதிவேட்டிலும் நடந்தது. கட்டாயமின்றி, காசு வாங்காமல், தொடர்ந்து கொடுப்பவரின் ரத்தமே அதிகப் பாதுகாப்பானது.

“தாய்க்கு இருந்தா பிள்ளைக்கும் வந்தே தீரும்.”

சிகிச்சையே இல்லாவிட்டாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்தான். கூட்டு மருந்து எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழ். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை.

“ஜில்லுனு இருக்கு, வெந்நீர்ல வச்சு ஏத்துங்க சிஸ்டர்.”

வெந்நீரில் வைத்தால் சிவப்பணுக்கள் உடையும். வேகமாக ஏற்றச் சொல்லியும் அவசரப்படுத்தாதீர்கள். பையிலுள்ள எண், ரத்தப் பிரிவு, காலாவதித் தேதி, நோயாளியின் பெயர் ஆகியவற்றை இரண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பார்கள். முதல் 15 நிமிடம் சொட்டு மெதுவாகத்தான் இறங்கும். செவிலியர் பக்கத்திலேயே நிற்பார். குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் வந்தால் அப்போதே நிறுத்த வேண்டும். அதே குழாயில் வேறு மருந்து சேர்க்கக் கூடாது. 4 மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்துவிட வேண்டும்.

இவ்வளவு பார்த்தாலும் பைக்குள் இருக்கும் கிருமி செவிலியர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ரத்தம் ஏற்றச் சொன்னால், ஹீமோகுளோபின் எவ்வளவு, இரும்புச்சத்து ஊசி போதாதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் கொடுத்தவரா, உங்கள் பரிசோதனை முடிவை ரத்த வங்கியில் கேட்டு வாங்குங்கள்.