பட்டை அகலம்: தங்கச் சுரங்கம் தரும் பாடம்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீப், ஊரிகம் முதலிய சுரங்கங்களில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கிய கூண்டு, மேலே வைண்டிங் எஞ்சினை இயக்குபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாம்பியன் ரீப்பில் ஆழம் 3 கிலோ மீட்டருக்கும் மேற்பட்டது. கீழிருந்து வரும் மணியோசை ஒன்றே அவருக்கு வழிகாட்டி. கூண்டு ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு மணி ஒலித்தால் உடனே நிறுத்த வேண்டும். ஏற்றுதல், இறக்குதல், ஆட்கள் ஏறுதல் ஆகியவற்றிற்கெல்லாம் தனித்தனி எண்ணிக்கையில் மணிகள் வகுக்கப்பட்டிருந்தன.

மணியை அவசரமாக அடித்தால் என்ன நேரும்? முதல் ஓசை அடங்குமுன் அடுத்தது வந்து சேரும். மூன்று மணி இரண்டாகக் கேட்கும். அந்தப் பிழைக்கு விலை மனித உயிர். ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் இடையே போதிய இடைவெளி விட்டாக வேண்டும். ஒரு தொடர்புப் பாதை நொடிக்கு எத்தனை தட்டுகளை ஒன்றோடொன்று கலவாமல் கொண்டு சேர்க்கும் என்பதை நிர்ணயிக்கும் பண்பே பட்டை அகலம் எனப்படுவது. பேண்ட்விட்த் என்று பொறியாளர்கள் வழங்கும் சொல்லும் இதுவே.

இலக்கணப்படி கூறுவதாயின், ஒரு பாதை சிதைவின்றிக் கடத்தும் அதிர்வெண்களுள் மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் உள்ள வேறுபாடு அதன் பட்டை அகலம் ஆகும். இதன் அலகு ஹெர்ட்ஸ். தொலைபேசிப் பாதை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை கடத்துமாறு அமைக்கப்பட்டது. எனவே அதன் அகலம் 3,100 ஹெர்ட்ஸ். பேச்சை விளங்கிக்கொள்ள இது போதும். ஆனால் ‘ஸ’ போன்ற உரசொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி இவ்வெல்லைக்கு மேலே அமைந்திருப்பதால், தொலைபேசியில் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல நேரிடுகிறது. படத்தையும் ஒலியையும் சேர்த்துச் சுமந்த 625 வரித் தொலைக்காட்சிக்கோ மீட்டர் அலைப் பகுதியில் அலைவரிசை ஒன்றுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்க வேண்டியிருந்தது.

இங்கே மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. அலை இருந்தால் செய்தியும் இருக்கும் என்று அவர்கள் கருதிவிடுகின்றனர். 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோ மீட்டர் தொலைவு கம்பி வழியே தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அதன் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். சுரங்கத்தின் பெரும் எந்திரங்களைச் சுழற்றும் ஆற்றல் அதில் இருந்தது. ஆனால் மாறாது ஒரே சீராக ஓடும் அலையில் செய்தி ஏதும் இல்லை. செய்தி வேண்டுமெனில் அலை மாற வேண்டும். மாற்றம் விரைவாக நிகழ நிகழ, அது பரவும் அதிர்வெண்களின் பட்டையும் விரியும்.

பாதையின் கொள்ளளவைப் பட்டை அகலம் மட்டுமே தீர்மானிப்பதில்லை. இரைச்சலுக்கும் அதில் பங்குண்டு. இவ்விரண்டையும் இணைக்கும் சூத்திரத்தை கிளாட் ஷானன் 1948-இல் வெளியிட்டார். 3,100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதையில் குறிப்பலையின் ஆற்றல் இரைச்சலைவிட 1,000 மடங்கு இருப்பின், நொடிக்குச் சுமார் 31,000 பிட்டுகளுக்கு மேல் பிழையின்றி அனுப்ப இயலாது. ஹெர்ட்ஸ் என்பது பாதையின் அகலம். பிட் என்பது அதன் வழியே செல்லும் சரக்கு. ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் இரண்டையும் பட்டை அகலம் என்றே எழுதிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. அலைக்கற்றை ஒதுக்கீடு மெகாஹெர்ட்ஸிலும், கிராம ஊராட்சிக்கு வரும் இணைய இணைப்பு நொடிக்கு மெகாபிட்டிலும் அளக்கப்படுவதை அலுவலர்கள் கவனித்தல் நலம். அலை செல்லும் வேகமோ இவ்விரண்டிலிருந்தும் வேறானது.

இனிச் சுரங்கத்திற்குத் திரும்புவோம். கம்பி அறுந்துபோனால் வானொலி உதவுமா? மின்காந்த அலையைப் பாறை உறிஞ்சிவிடும். அதிர்வெண் கூடக் கூட உறிஞ்சுதலும் கூடும். மின்தடைத்திறன் 100 ஓம்-மீட்டர் உள்ள நிலத்தில் 100 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 500 மீட்டர் செல்வதற்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் அலைக்கு அதே தேய்மானம் 50 மீட்டரிலேயே நேர்கிறது. ஆழத்திலிருந்து பாறையை ஊடுருவிப் பேச விரும்பினால் தாழ்ந்த அதிர்வெண்களே மிஞ்சும். தாழ்ந்த அதிர்வெண்களுக்குள் அகன்ற பட்டைக்கு இடமேது? குரலுக்கு வழியில்லை, மணியடிப்பது போன்ற மெதுவான குறியீடுகளே செல்லும்.

இதைவிட முக்கியமானது பாறை வெடிப்பு. தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் அழுத்தம் தாங்காத பாறை திடீரெனச் சிதறிப் பலரைப் பலிகொண்டது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் நிறுவப்பட்டதன் பின்னணியில் இவ்வனுபவம் இருக்கிறது. வெடிப்பு நேர்ந்த இடத்தைக் காண்பதற்கு, பல இடங்களில் வைத்த உணர்கருவிகளை அதிர்வலை வந்தடைந்த நேரங்களை ஒப்பிட வேண்டும். கடினப் பாறையில் முதல் அலை நொடிக்குச் சுமார் 6 கிலோ மீட்டர் வேகத்தில் செல்கிறது. கருவியும் அதன் கம்பியும் 10 ஹெர்ட்ஸ் அகலமே கடத்துமாயின், அலை வந்த கணம் நொடியில் பத்தில் ஒரு பங்கு மங்கலாகத் தெரியும். அந்த நேரத்தில் அலை 600 மீட்டர் கடந்திருக்கும். அகலம் 1,000 ஹெர்ட்ஸ் ஆயின் மங்கல் ஆயிரத்தில் ஒரு நொடி. தொலைவுக் கணக்கில் 6 மீட்டர். இவை தோராயக் கணக்குகளே. எனினும் மீட்புக் குழுவை எந்தச் சுரங்கப் பாதைக்கு அனுப்புவது என்ற கேள்விக்கு 600 மீட்டருக்கும் 6 மீட்டருக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

கருவியை மட்டும் மாற்றி இவ்வேறுபாட்டைப் பெற்றுவிட முடியாது. அதிர்வலையிலும் உயர்ந்த அதிர்வெண்களைப் பாறை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. ஆதலின் உணர்கருவிகளை வேலைமுகத்திற்கு அருகிலேயே பதிக்க வேண்டும். அவற்றிலிருந்து மேலே வரும் கம்பியும், பதிவு செய்யும் பொறியும் அதே அகலத்தைக் கடத்த வேண்டும். எண்முறையில் பதிவதாயின், 1,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள அலையை நொடிக்கு 2,000 தடவைக்கு மேல் அளந்தாக வேண்டும். இச்சங்கிலியில் எக்கண்ணி மிகக் குறுகியதோ, அதன் அகலமே முழு அமைப்பின் அகலம். தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. ஆழ்ந்த நிலக்கரிச் சுரங்கங்களிலும் மலைகளைக் குடையும் இரயில் பாதைகளிலும் உணர்கருவி வாங்குவோர், விலைப்பட்டியலில் கருவியின் அகலத்தோடு கம்பியின் அகலத்தையும் பதிவுப் பொறியின் அகலத்தையும் சேர்த்தே கேட்டுப் பெற வேண்டும்.