பல இணைப்பு அறிவித்தற் பலகை மென்பொருள்: நிறையும் குறையும்

கல்லூரி முன்றிலில் மாட்டிய அறிவித்தற் பலகையை முப்பது மாணவர் ஒருங்கே நின்று படிப்பினும் அதற்கு இடரில்லை. கணினியில் அமைந்த அறிவித்தற் பலகையின் இயல்பு வேறு. 1978ஆம் ஆண்டு பெப்ரவரியில் உவாட் கிறிஸ்டென்சன், றன்டி சூஸ் என்னும் இருவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இயக்கிய பலகையே, தொலைபேசிவழி அழைத்துப் படிக்கவும் எழுதவுந் தக்க பலகைகளுள் முதலாவதென்பர். அதற்கிருந்த இணைப்பு ஒன்றே. ஒருவர் அழைத்து, படித்து, தம் குறிப்பையும் எழுதி விலகுமளவும் ஏனையோர் காத்திருத்தல் வேண்டும். ஆகவே, ஒருவர் விட்டுச்சென்ற கடிதத்தை மற்றொருவர் பின்வந்து படிப்பாரன்றி, அழைத்தோர் இருவர் எதிர்ப்பட்டு உரையாடுதல் கூடாதாயிற்று. இக்குறையை நீக்க எழுந்தனவே பல இணைப்பு மென்பொருள்கள். அவற்றின் நிறைகுறைகளை ஈண்டு ஆராய்வாம். கணினித் தொழில் பயிலும் பழைய மாணவர்க்கு இது பழங்கதையாகத் தோன்றலாம். ஏனையோர் பொருட்டே விரித்துரைக்கின்றோம்.

பல இணைப்புக்களை நடத்தற்கு வழி இரண்டு. இணைப்புக்கொரு கணினியாக வைத்து அவற்றை வலையமைப்பாற் பிணைத்தல் ஒன்று. விஸ்கொன்சின் மாநிலத்தில் 1983இல் தொடங்கிய எக்செக்-பீசீ என்னும் பலகை, பல கணினிகளை இவ்வாறு பிணைத்தே 200க்கு மேற்பட்ட இணைப்புக்களைக் கொண்டதாக வளர்ந்தது. மற்றையது, ஒரே கணினியில் ஒரே மென்பொருள் எல்லா இணைப்புக்களையுந் தாங்குதல். புளோரிடாவில் ரிம் ஸ்றைக்கர் நிறுவிய கலக்ரிகொம் நிறுவனத்தின் 'மேஜர் பீபீஎஸ்' இவ்வகையிற் பேர்பெற்றது. நாம் பெரிதும் நோக்க விழைவது இதனையே.

அக்காலத்துத் தனியாட் கணினிகளை நடத்திய டொஸ் என்னும் இயக்குதளம் ஒருநேரத்தில் ஒரு கருமமே செய்யவல்லது. அதன்மேல் 64 பேரை எங்ஙனம் அமர்த்துவது? சிற்றூர்ப் பாடசாலையில் ஓராசிரியர் ஐந்து வகுப்புக்களைப் பார்ப்பதை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஒரு வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்பின் வாசிப்பைக் கேட்பார். எவ்வகுப்பு எவ்விடத்தில் நிற்கின்றதென்பது அவர் மனத்திலிருக்கும். மென்பொருளும் அவ்வாறே ஒவ்வோர் இணைப்பினரும் எந்நிலையில் நிற்கின்றார் என்பதைக் குறித்துவைத்து, நொடிக்குட் பலமுறை சுற்றிவந்து, வேண்டியவருக்கு வேண்டியதைச் செய்து அப்பாற் செல்லும். மனிதர் தட்டெழுதும் வேகம் சிறிதாதலின், தாம் காத்திருப்பதை அவர் உணரார்.

இதனால் விளைந்த பெரும்பயன் உரையாடல். தனிக்கணினி முறையிலும் அது கூடுமாயினும், ஒருவர் சொல் வலையமைப்பைக் கடந்தே மற்றவரை அடைதல் வேண்டும். இங்கோ எல்லாரும் ஒரே நினைவகத்தில் உளராதலின், ஒருவர் எழுதிய வரி அக்கணமே யாவர் திரையிலுந் தோன்றும். நள்ளிரவில் ஊரின் வெவ்வேறு மூலைகளிலிருந்து இருபதுபேர் கூடிப் பேசினர், சேர்ந்து விளையாடினர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர் இன்று கைத்தொலைபேசியில் நடத்தும் குழுப்பேச்சை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

இனிக் குறை. 2400 பிற் வேக மொடெம் நொடிக்கு ஏறத்தாழ 240 எழுத்துக்களைத் தரும். 64 இணைப்பினரும் ஒருங்கே கோப்புக்களை அனுப்பின் நொடிக்கு 15,360 எழுத்துக்கள் வந்து குவியும். பழைய 8250 என்னும் தொடர்வழிச் சில்லு வந்த எழுத்துள் ஒன்றனையே வைத்திருக்கும். கணினி எடுக்கத் தாழ்ப்பின், அடுத்தது வந்து முன்னதை அழித்துவிடும். 16550 சில்லு 16 எழுத்துக்களைத் தாங்கியமையால் இவ்விடர் பெரிதுங் குறைந்தது.

தீராத குறை பிறிதொன்று. மேஜர் பீபீஎஸ்ஸுக்குப் பிறரும் சீ மொழியில் விளையாட்டு முதலிய துணைநிரல்களை எழுதி விற்றனர். அவை யாவும் ஒரே நினைவகத்தில், ஒரே நிரலின் உறுப்புக்களாய் இயங்கின. அவற்றுள் ஒன்றிற் பிழை நேரின் முழுப் பலகையும் வீழும். கடிதம் பாதியில் எழுதிக்கொண்டிருந்தவரும் அறுபட்டுப் போவார். உரையாடலை உடனுக்குடன் ஆக்கிய அப்பொது நினைவகமே இக்கேட்டிற்கும் வாயில். தனிக்கணினி முறையிலோ ஒன்று பழுதுறின் அதனை அழைத்தவரே இழப்பார். அன்றியும், ஒற்றை இணைப்புப் பலகைகளுக்கென எழுந்த எண்ணிறந்த விளையாட்டுக்கள் கணினி முழுவதையுந் தமதாக்கிக்கொள்ளும் இயல்பினவாதலின் இங்கு இலகுவில் இயங்கா.

தொலைபேசி வாடகையையும் மறத்தலாகாது. மணி ஒலிப்பினும் ஒலியாதிருப்பினும் இணைப்பொவ்வொன்றுக்கும் மாதந்தோறும் பணங் கட்டல் வேண்டும். அதனாற் பொழுதுபோக்காகத் தொடங்கியோர் பலர் கட்டணம் அறவிடும் வணிகராயினர்.

கோப்புக்களைப் பெறுதலே அழைப்போர் நோக்கமாயின் தனிக்கணினி முறையே சிறந்ததென்போம். மாந்தர் கூடிப் பேசற்கெனின், வீழ்ச்சிக்கஞ்சி மேஜர் முறையைத் தள்ளுதல் எமக்கு உடன்பாடன்று. ஐந்து நிமிடத்தில் மீட்டும் இயக்கலாம், கூட்டத்தையோ வேறு வழியால் அத்துணை எளிதிற் பெறலாகாது.

1990களின் நடுப்பகுதியில் உலகளாவிய வலை பரவவே, அழைப்போர் அங்குச் சென்றனர். ஸ்றைக்கர் 1996இற் காலமானார். அவருடைய மென்பொருளை ஆர்வலர் சிலர் இன்றும் இணையவழி இயக்கிவருகின்றனர். அவர்க்கு மொடெமும் வேண்டா, தொலைபேசி வாடகையுமில்லை.