கியர் விழாத வண்டி

தில்லி முனிர்க்காவின் குறுகிய சந்து ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல்நாள் அரைத்து வைத்த இட்லி மாவை வாளிகளில் நிரப்பிக்கொண்டு, விடியற்காலை ஐந்து மணிக்கே தந்தை புறப்பட்டுவிடுவார். இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புகளில் நாற்பது வீடுகளுக்கு அவர் மாவு தருகிறார். அவருடைய வண்டி 100 சி.சி. மோட்டார் சைக்கிள், நான்கு கியர்கள், பதினோர் ஆண்டு உழைத்தது.

தை மாதக் குளிரில் ஒருநாள் அவ்வண்டி முரண்டு பிடித்தது. மிதித்தால் கியர் விழவில்லை; மூன்றாவது, நான்காவது மிதியில்தான் விழுந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது கிளட்ச்சை முழுவதும் பிடித்திருந்தும் வண்டி முன்னோக்கி இழுத்தது. நியூட்ரலுக்கும் வர மறுத்தது. சாலையோரப் பழுதுநீக்குநர் எஞ்சின் ஓசையைச் சற்றே கேட்டுவிட்டு, “எஞ்சினைப் பிரிக்க வேண்டும். 4,500 ரூபாய் ஆகும். இரண்டு நாள் வண்டி இங்கே இருக்கட்டும்” என்றார். மாதக் கடைசி அது. மகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணமே இன்னும் கட்டப்படவில்லை. வண்டி இரண்டு நாள் நின்றால் நாற்பது வீட்டாரும் வேறு மாவுக்காரரைத் தேடிக்கொள்வர்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் அம்மகள், “அப்பா, பிரிப்பதற்கு முன்னால் வெளியே தெரிவதையெல்லாம் நாமே ஒருமுறை பார்த்துவிடலாமே” என்றாள். தந்தை சற்று யோசித்து, “ஞாயிறு நண்பகலில் பார்ப்போம் அம்மா” என்றார்.

அவர்கள் என்ன பார்த்தனர் என்பதற்கு முன், கியர் எவ்வாறு விழுகிறது என்பதை அறிந்துகொள்வோம். கியரைத் தமிழில் பல்லிணை என்கிறோம். பற்கள் கொண்ட இரு சக்கரங்கள் இணைந்து சுழல்வதால் அப்பெயர். சிறிய பற்சக்கரம் பெரியதைச் சுழற்றும்போது வேகம் குறையும்; தள்ளும் வலிமை கூடும். நின்ற வண்டியை நகர்த்தும் முதல் கியரின் இரகசியம் இதுவே. மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் இச்சக்கரங்கள் எப்போதும் ஒன்றையொன்று கவ்வியபடியே இருக்கின்றன. நாம் லிவரை மிதிக்கும்போது ஒரு தண்டு திரும்புகிறது. அது வரிப்பள்ளங்கள் கொண்ட உருளை ஒன்றைச் சிறிதே உருட்டுகிறது. அப்பள்ளங்களில் ஓடும் கவைகள் ஒரு பற்சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகின்றன. அதன் பக்கத்திலுள்ள முட்டுகள் அடுத்த சக்கரத்தின் குழிகளில் புகுந்து பூட்டிக்கொள்கின்றன. எஞ்சினின் விசை பாய்ந்துகொண்டிருக்கும்போது இம்முட்டுகள் எளிதில் பிடிவிடா. அவ்விசையைச் சிறுபொழுது துண்டித்துத் தருவதே கிளட்ச்சின் வேலை.

ஆகவே கியர் விழுவதற்குக் காலின் வேலையும் கையின் வேலையும் ஒருங்கே நடைபெற வேண்டும். காலின் பக்கம் லிவர், கையின் பக்கம் கேபிள் ஆகிய இரண்டும் எஞ்சினுக்கு வெளியே கண்ணில் படுகின்றன. அவற்றைப் பார்க்கக் காசு தேவையில்லை. உருளையையும் கவைகளையும் பார்க்க வேண்டுமானால்தான் எஞ்சினைப் பிரிக்க நேரும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்தினர். எஞ்சின் ஆறியிருந்தது; சாவி தந்தையின் சட்டைப் பையில் இருந்தது. மகள் ஒரு சுண்ணக்கட்டியால், தண்டின் முனையிலிருந்து லிவரின் கழுத்து வரை ஒரே நேர்கோடு இழுத்தாள். தந்தை லிவரைக் கையால் அழுத்த, அவள் பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றினாள். சக்கரத்தை ஏன் சுழற்ற வேண்டும்? உள்ளே முட்டும் முட்டும் நேருக்கு நேர் நின்றுவிட்டால் நல்ல வண்டியிலும் கியர் விழாது. சற்றே சுழற்றினால் முட்டு குழியைக் கண்டுகொள்ளும். இவ்வேளையில் விரல்கள் சங்கிலியின் அருகே செல்லலாகாது. எஞ்சின் ஓடும்போது இச்சோதனையைச் செய்யவே கூடாது. சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே சிக்கிய விரல் மீள்வது அரிது.

மூன்று முறை கோடு நேராகவே இருந்தது. நான்காம் முறை, லிவரிலிருந்த பாதி கீழிறங்கியது; தண்டிலிருந்த பாதி அசையவில்லை.

“அப்பா, கோடு இரண்டாகிவிட்டது!”

“அப்படியானால் இந்தக் குற்றம் பெட்டிக்குள் இல்லை அம்மா. லிவர் தண்டைப் பிடிக்காமல் வழுக்குகிறது.”

லிவரின் கழுத்தினுள்ளும் தண்டின் மேலும் மெல்லிய வரிப்பற்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று பொருந்த, ஒரு சிறு போல்ட் கழுத்தை இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் போல்ட் தளர்ந்த நிலையிலேயே நெடுநாள் ஓட்டினால் வரிப்பற்கள் தேயும். தந்தை 10 எண் ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தினார், லிவர் வரவில்லை. பல வண்டிகளில் இந்தப் போல்ட், தண்டிலுள்ள பள்ளம் ஒன்றின் வழியே செல்லும். முழுவதும் உருவினால்தான் லிவர் கழலும். இதை அறியாமல் சுத்தியலால் தட்டுவோர் பலர். அந்த அடி தண்டின் வழியே பெட்டிக்குள் சென்று சேரும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. கழற்றிப் பார்த்தபோது தண்டின் பற்கள் கூர்மையாக இருந்தன. லிவரின் உட்பற்கள் மழுங்கியிருந்தன.

சிவப்பு விளக்கில் வண்டி இழுத்ததற்கு இது காரணமாகாது. லிவர் வழுக்கினால் கியர் மாறாது, அவ்வளவே. கிளட்ச் பிடித்தும் வண்டி இழுக்கிறது என்றால், விசை முழுவதும் துண்டிக்கப்படவில்லை என்று பொருள். மகள் தன் அளவுகோலை எடுத்தாள். கிளட்ச் லிவரை இழுக்கும்போது, கேபிள் இறுகுவதற்கு முன் அதன் முனை சிறிது தூரம் வெறுமனே நகரும். அதைத் தொய்வு என்போம். இத்தகைய சிறு வண்டிகளில் அது பெரும்பாலும் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் காணப்படும். இங்கே 35 மில்லிமீட்டர் இருந்தது. கைப்பிடியருகே கேபிளின் இழைகளுள் இரண்டு அறுந்தும் கிடந்தன. ஆக, ஒரு வண்டியில் இரண்டு குறைகள்.

உதிரிப் பாகங்களுக்குக் கரோல்பாக் சென்றனர். அங்கே மோட்டார் சைக்கிள் பாகங்கள் விற்கும் பகுதிக்கு நாயீவாலா என்று பெயர். நாயீ என்றால் இந்தியில் முடிதிருத்துபவர்; தமிழ்க் காதுக்கோ நாயின் வால்தான் நினைவுக்கு வரும்! புதிய லிவர் 280 ரூபாய், கேபிள் 140 ரூபாய். வழியில் ஒருவர் பழைய லிவரையே தண்டோடு பற்றவைத்துத் தருவதாகவும், அதற்கு 50 ரூபாய் போதும் என்றும் கூறினார். தந்தை மறுத்துவிட்டார். பற்றவைக்கும் வெப்பத்தில் தண்டைச் சுற்றியுள்ள இரப்பர் வளையம் கருகி எண்ணெய் கசியத் தொடங்கும். பின்னர் அந்த லிவரைக் கழற்றவும் இயலாது.

லிவரைப் பழைய கோணத்திலேயே பொருத்தி, போல்ட்டைச் சிறிய ஸ்பேனரால் அளவோடு இறுக்கினர். மிகையாக இறுக்கினால் மரை கழன்றுவிடும். புதிய கேபிளை மாட்டி, எஞ்சின் பக்கமுள்ள நட்டைச் சிறிது சிறிதாகத் திருகித் தொய்வை 15 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தனர். தொய்வே இல்லாமல் இறுக்குவதும் பிழைதான். அப்போது கிளட்ச் தகடுகள் எந்நேரமும் வழுக்கித் தேயும். எண்ணெயைச் சென்ற மாதமே மாற்றியிருந்ததால் அதைத் தொடவில்லை. இவ்வகை வண்டிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். காருக்குரிய எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். புட்டியில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறியீடு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பழுதுநீக்குநர் பொய் சொன்னார் என்று கருத வேண்டியதில்லை. அவர் ஓசையை மட்டுமே கேட்டார். உள்ளே பழுதாவதும் உண்டு. விழுந்த கியர் ஓடும்போது தானே கழன்றால், அல்லது வடித்த எண்ணெயில் உலோகத் துகள்கள் மின்னினால், வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவரிடமே கொண்டுசெல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வண்டி புறப்பட்டது. குளிரில் எண்ணெய் தடித்திருந்ததால் முதல் ஐந்து நிமிடம் கியர் சற்றே இறுக்கமாக விழுந்தது, பிறகு இளகிவிட்டது.

சொல் அறிவோம்

உங்களுள் பலர் ‘பேச்கஸ்’ என்று அறிந்திருப்பது தமிழில் திருப்புளி. ‘பிலாஸ்’ என்பது குறடு. கவை – இரண்டாகப் பிரிந்த கிளை போன்ற உறுப்பு. மரை – போல்ட்டிலும் நட்டிலும் உள்ள திருகுவரி. முரண்டு – பிடிவாதம்.

மொழித்திறன்

‘போல்ட்டை இறுக்கு’ என்பது எதிரே நிற்பவருக்கு இடும் ஏவல். ‘போல்ட்டை இறுக்குக’ என்பது வியங்கோள்; இது ஒருமை, பன்மை இரண்டுக்கும் பொதுவானது. ஆதலால் செய்முறைக் குறிப்புகளில் ‘க’ என முடியும் வியங்கோள் பெரிதும் பயன்படுகிறது.

பயிற்சி

1. சுண்ணக்கட்டிக் கோடு இரண்டானதிலிருந்து தந்தை அறிந்தது யாது?
2. பின்சக்கரத்தைச் சுழற்றியபடியே சோதித்தது ஏன்?
3. லிவரை மட்டும் மாற்றியிருந்தால் எந்தக் குறை தீர்ந்திருக்காது? காரணம் தருக.
4. பழுதுநீக்குநர் கூறிய தொகைக்கும் உதிரிப் பாகங்களுக்கு ஆன செலவுக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தால் எழுதுக.
5. தளர்த்து, உருவு, பொருத்து, அள – இவற்றை வியங்கோளாக மாற்றுக.
6. உங்கள் வீட்டில் பழுதான பொருள் ஒன்றை எவ்வாறு சோதிப்பீர்கள் என்பதை வியங்கோள் வினைகளால் எட்டு வரிகளில் எழுதுக. கருவிகளின் தமிழ்ப் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிக.