ரிங் உட்காரட்டும், பிறகு டைனோ

அன்புள்ள அம்பத்தூர் நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாருதி எஸ்டீமின் 1298 சிசி இன்ஜினை முழுசாகப் பிரித்து, போர் போட்டு, புது பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி, ஹெட்டில் போர்ட் வேலை செய்து, லிஃப்ட் கூடுதலான கேம் ஷாஃப்டும் போட்டிருக்கிறீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பவர் அளக்கும் டைனோவில் ஏற்றி ட்யூன் செய்ய நேரமும் வாங்கியாகிவிட்டது. இதற்கிடையில் மேஸ்திரி, “ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பதைத் தாண்டாதீங்க சார்” என்கிறார். நண்பரோ, “முதல் நாளே நல்லா மிதிடா” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

இருவரும் பாதி சரி. அதிக ஆர்பிஎம் கூடாது என்பதில் மேஸ்திரி சரி. இன்ஜினுக்குச் சுமை வேண்டும் என்பதில் நண்பர் சரி. வேகத்தையும் சுமையையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பமே வருகிறது.

ஹோனிங் முடிந்த சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருப்பீர்கள். ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். கோட்டின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடு ரிங்கின் முகத்தை அராவும். அப்படி அராவி இரண்டும் பொருந்தினால்தான் கம்ப்ரெஷன் கீழே கசியாது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த ஸ்பிரிங் விசை மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. பொருந்துவதற்கு முன்பே ஆயில் சுவரில் பிசினாகக் காய்ந்து கோடுகளை மூடிவிடும். பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் நீலப்புகையும் ஆயில் குறைவும் தீராது. திரும்பவும் பிரித்து ஹோனிங் போட வேண்டியதுதான்.

இந்த வேலையை முறையாகச் செய்யும் இடம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1987-இல் தொடங்கிய ஆவடி இன்ஜின் ஃபாக்டரியில் டி-72 டாங்கிக்கான 780 குதிரைத்திறன் டீசல் இன்ஜினும், டி-90-க்கான 1,000 குதிரைத்திறன் இன்ஜினும் தயாராகின்றன. இப்படிப்பட்ட இன்ஜின்களை டாங்கிக்குள் இறக்கும் முன் டெஸ்ட் பெட்டில் ஏற்றி, படிப்படியாகச் சுமை கூட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். நமக்கு டெஸ்ட் பெட் கிடையாது, ரோடுதான். முறை மட்டும் அதேதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். சிந்தெடிக் ஆயில் இப்போது வேண்டாம். துத்தநாகச் சேர்க்கை உள்ள மினரல் ஆயில் போதும். இன்ஜின் பிடித்ததும் ஸ்லோ ஸ்பீடில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். கேம் புதிது, ராக்கரோடு அது உரசும் இடத்துக்கு நன்றாக ஆயில் போக ஆர்பிஎம் வேண்டும். 2,000-ஐ ஒட்டிக் கொஞ்சம் ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓடட்டும். கண் முழுக்க டெம்பரேச்சர் முள்ளிலும் ஆயில் பிரஷரிலும் இருக்கட்டும்.

அடுத்தது ரோடு. அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டில் காலை நேரத்தில் ஊர்ந்து போவதைவிடக் கெட்ட ரன்னிங்-இன் கிடையாது. சூடு உண்டு, சுமை இல்லை. விடியற்காலையில் நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, பூந்தமல்லி தாண்டி வண்டலூர் பக்கம் போங்கள். நான்காவது கியரில் 40-லிருந்து 75 வரை முக்கால் ஆக்சிலேட்டரில் இழுங்கள். பிறகு காலை எடுத்துவிட்டு, பிரேக் தொடாமல், கியரிலேயே 40-க்கு இறங்க விடுங்கள். இழுக்கும்போது வாயு ரிங்கை அழுத்தும்; இறங்கும்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்து, அராவிய துகளைக் கழுவும். பத்துப் பன்னிரண்டு முறை இதைச் செய்யுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு 4,000 ஆர்பிஎம் தாண்ட வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுநேரம் போவதும் வேண்டாம்.

முதல் 100 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். மேஸ்திரியிடம் சொல்லி டப்பாவை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் மாவு இருந்தால் அது ரிங்கும் சுவரும் அராவிய தூள், பயமில்லை. நகத்தில் தட்டுப்படும் செதில் இருந்தால் பேரிங்கையோ கேமையோ சந்தேகப்பட்டு, வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

இனி ட்யூனிங். இதை இரண்டு தவணையாகச் செய்ய வேண்டும். முதல் தவணை ரிங் உட்காரும் முன்பே. கேம் மாறிவிட்டதால் கம்பெனி மேப் சரிவராது. பெட்ரோல் அதிகமாக ஊற்றினால் சுவரில் உள்ள ஆயிலை அது கழுவிவிடும், ரிங் கெடும். குறைவாக ஊற்றினால் பிஸ்டன் சூடேறும். ஆகவே வைட்பேண்ட் சென்சார் வைத்து, பாதி சுமை வரைக்கும் கலவையைச் சரிசெய்து, இக்னிஷன் டைமிங்கை இரண்டொரு டிகிரி பின்தள்ளி வையுங்கள்.

பவருக்கான இரண்டாவது தவணை ரிங் உட்கார்ந்த பிறகு. அதற்கு முன் டைனோ காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. உராய்வும் கசிவும் தினமும் மாறிக்கொண்டிருக்கும். போதாததற்கு, ரிங் தாண்டி மேலே ஏறும் ஆயில் பெட்ரோலின் ஆக்டேனைக் குறைத்து நாக்கிங் கொண்டுவரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து குறைத்த டைமிங், ரிங் உட்கார்ந்தபின் தேவையில்லாத குறையாக நின்றுவிடும். தினமும் எந்தப் பெட்ரோல் போடுவீர்களோ அதையே போட்டு ட்யூன் செய்யுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கலவை விகிதமே வேறு. கேஜில் எந்தப் பெட்ரோலுக்கும் பொதுவான லாம்டா அளவைப் பார்த்தால் குழப்பம் வராது. டிசம்பர் குளிரில் பிடித்த டைமிங் சித்திரை வெயிலில் நாக் அடிக்கும், அதற்கும் இடம் விடுங்கள்.

7,000 ஆர்பிஎம் ஆசையை ரோட்டில் தீர்த்துக்கொள்ள வேண்டாம். பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு சாலையிலேயே இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் அங்கே கட்டிய டிராக் 3.7 கிலோமீட்டர் நீளம். மாருதியின் 1300 சிசி இன்ஜின் பூட்டிய எல்ஜிபி ஃபார்முலா கார்கள் ஓடும் இடம் அது. உங்கள் இன்ஜினின் பங்காளிகள்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நேரத்தை இன்றே ரத்து செய்யுங்கள். 800 கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் சூட்டோடு கம்ப்ரெஷன் பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயிலும் குறையாமல் நின்றால், டைனோவுக்குப் புதுத் தேதி வாங்குங்கள். இல்லையென்றால் காசை டைனோவுக்குக் கொடுக்காமல் மேஸ்திரியிடம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்