புழக்கடைக் குப்பை எருவாகட்டும், ஈயாக வேண்டாம்

"குழந்தைக்கு மறுபடியும் வயித்தால போகுதுங்க" என்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தாய் சொன்னால், நான் புழக்கடைக்குப் போய்க் குப்பைமேட்டையும் பார்ப்பேன். ஈரமாய், புளித்த நாற்றத்தோடு கிடக்கும் குப்பையில் ஈ முட்டையிடுகிறது. வெயில் காலத்தில் அந்த முட்டை ஈயாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்த ஈதான் குழந்தையின் சோற்றில் வந்து உட்காருகிறது.

குப்பையில்லாத வீடு கிடையாது. ஆனால் குப்பையைச் சூடேற்றலாம். சரியாக அடுக்கிய குவியலின் நடுவில் தானாகவே 55, 60 டிகிரி சூடு ஏறும். புழுவும் முட்டையும் அதில் பிழைக்காது. ஆல்பர்ட் ஹோவார்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் செய்து பார்த்து 1931-இல் புத்தகமாக எழுதிய முறை இதுதான்.

கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இடம் பாருங்கள். சருகு, வைக்கோல், வேர்க்கடலைக் கொடி அரை அடி, மேலே சமையற்கழிவு, அதன்மேல் சாணக் கரைசல். இப்படியே 3 அடி உயரம் வரட்டும். அகலமும் 3 அடிக்குக் குறையக் கூடாது. சின்னக் குவியல் சூடு பிடிக்காது. கையில் பிழிந்தால் ஈரம் தெரியணும், தண்ணீர் சொட்டக் கூடாது. நாலைந்து நாள் கழித்துக் கடப்பாரையை நடுவில் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் சரி. சுடாவிட்டால் சாணமோ ஈரமோ போதவில்லை. நாறினால் ஈரம் அதிகம், சருகு போடுங்கள்.

ஓரத்தில் சூடு இராது. புழு அங்கேதான் தப்பிக்கும். ஆகவே 15, 30, 60-ஆம் நாட்களில் ஓரக் குப்பையை உள்ளே தள்ளிக் கிளற வேண்டும். கொட்டுவது மனைவி, கிளறுவது யாருமில்லை என்பதுதான் பல வீட்டு நடப்பு. ஷிப்டு இல்லாத நாளில் கணவர் அரைமணி மண்வெட்டி பிடிக்கட்டும். மூன்று மாதத்தில் கறுத்த எரு கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் குழி வேண்டாம், தண்ணீர் நிற்கும்; மேட்டில் குவித்து ஓலையால் மூடுங்கள்.

கம்பெனிப் பக்கம் கிடைக்கும் உலைச் சாம்பல், எண்ணெய்த் துணி, பழைய பாட்டரி, பெயிண்டு டப்பா எதையும் இதில் சேர்க்காதீர்கள். ஈயம் மக்காது, கீரை வழியே குழந்தைக்குப் போய் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழந்தையின் மலமும் இதில் வேண்டாம், கக்கூஸில் போடுங்கள்.

கிளறி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.