கிணற்றின் வாயில் ஒரு நகரம்

நாகரிகம் ஆற்றங்கரையில் பிறக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நைல், யூப்ரடீஸ், சிந்து, காவிரி என்று விரல் விட்டு எண்ணியும் இருக்கிறோம். ஆனால் ஆறே இல்லாத ஒரு நாட்டில் வானை அளந்து, சுழிக்குக் குறி வகுத்து, கல்லில் எழுத்துப் பொறித்து, பெருநகர் அமைத்து வாழ்ந்த மக்களும் உண்டு. அவர்களே மாயர்.

அவர்கள் நகரங்களுள் ஒன்றான சிச்சேன் இட்சாவைச் சென்ற கோடையில் ஒரு பகல் முழுதும் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நிலத்தடி நீர் பற்றிய இரண்டு வாரப் பயிற்சிக்காக மெக்சிகோவின் மெரிதா நகரில் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல நாட்டு மாணவர் பன்னிருவர் ஒரு வண்டியில் புறப்பட்டோம். காலையில் இடிபாடுகள், பிற்பகலில் ஒரு குளியல், இதுவே திட்டம். இடிபாடு வரலாறு, குளியல் விளையாட்டு என்று பிரித்துப் பார்ப்பது பயணிகளின் வழக்கம். உண்மையில் இரண்டும் ஒரே பாடம். அப்பாடத்தை நம் சங்க நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

ஆறில்லாத நாடு

மெக்சிகோவின் தென்கிழக்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் யுகட்டான் தீபகற்பம். அதன் வடபகுதி தட்டையான சுண்ணாம்புக் கற்பாறை. முன்னொரு காலத்தில் கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகியது. பல இடங்களில் மேல்மண் ஒரு சாண்கூட இல்லை. மழை நன்றாகவே பெய்கிறது. ஆனால் பெய்த நீர் ஓடுவதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது.

மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அவ்வமிலம் சுண்ணாம்புக் கல்லை அரிக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் அரிக்கப் பாறைக்குள் குகை உண்டாகிறது. குகையின் கூரை தாங்கமாட்டாமல் இடிந்து விழுந்தால், அடியில் கிடந்த நீர் வெளிச்சத்தைக் காண்கிறது. இப்படித் திறந்த பள்ளத்துக்கு மாயா மொழியில் ‘த்சொனோட்’ என்று பெயர். ஸ்பானியர் அதனைச் ‘செனோட்டே’ என்று திரித்து வழங்கினர். 2018 ஆம் ஆண்டில், தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இரு நீர்க்குகைத் தொடர்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை முக்குளிப்போர் கண்டனர். இரண்டும் சேர்ந்து 347 கிலோமீட்டர் நீளம். சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் தொலைவினும் சற்று மிகுதி.

இந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. ஆதலால், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நிற்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் பெயரால் வழங்கும் விதி இது. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே நாற்பது மீட்டர் உப்பு நீர் ஏறும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் புகுந்த கதையை அறிந்தவர்க்கு இக்கணக்கின் கடுமை விளங்கும்.

மெரிதாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு சிறுகோள் வந்து மோதியது. டைனோசர்களின் அழிவுக்குக் காரணமாகக் கூறப்படும் மோதல் அதுவே. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் பின்னர் வந்த சுண்ணாம்புப் படிவுகளால் மூடுண்டது. ஆயினும் அதன் விளிம்பை ஒட்டிச் செனோட்டேக்கள் ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. மெரிதா அவ்வளையத்துக்குள் இருக்கிறது. சிச்சேன் இட்சா அதற்கு வெளியே, கிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் உள்ளது.

ஊரின் பெயரே விளக்கம்

எங்கள் வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அந்த வட்டாரத்து மாயர். நுழைவாயிலில் எங்களை நிறுத்தி, முதலில் ஊரின் பெயரைச் சொல்லச் செய்தார். ‘சி’ என்றால் வாய். ‘ச்செயென்’ என்றால் கிணறு. ‘இட்சா’ அங்கு வாழ்ந்த குலத்தின் பெயர். இட்சாக்களின் கிணற்று வாய் என்பது பொருள். “என் வீட்டுக் கொல்லையில் இருப்பதும் ச்செயென்தான். ஆயிரம் ஆண்டாகியும் சொல் மாறவில்லை” என்று சிரித்தார்.

அந்நகர் கி.பி. 9 ஆம் நூற்றாண்டு முதல் சிறந்தோங்கியது. தெற்கே மழைக்காட்டுப் பகுதியில் இருந்த மாயா நகரங்கள் பல அந்த நூற்றாண்டில் பாழடைந்தன. நெடிய வறட்சி அதற்கு ஒரு காரணம் என்பதற்கு ஏரிப் படிவுகளும் குகைகளின் சுண்ணாம்பு விழுதுகளும் சான்று தருகின்றன. செனோட்டே உடைய வடநகரம் அதன் பின்னும் நின்றது. தஞ்சையில் பெரிய கோயில் எழுந்த காலத்தையும் அது கண்டது.

கல்லில் கட்டிய ஆண்டு

நகரின் நடுவே நிற்கிறது குக்குல்கான் கோயில். சிறகுள்ள பாம்புத் தெய்வத்துக்கு எழுப்பிய படிக்கோபுரம் அது. உச்சிக் கோயிலோடு 30 மீட்டர் உயரம். நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், ஆக 364. உச்சி மேடையைக் கூட்டினால் 365. ஓர் ஆண்டையே கல்லில் அடுக்கிவிட்டார்கள். பகலும் இரவும் ஒத்திருக்கும் நாள்களை ஒட்டி, மாலை வெயிலில் அடுக்குகளின் நிழல் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் விழுந்து, பாம்பு இறங்குவதுபோல் தோன்றும். உச்சிக் கோயிலின் உத்திரங்கள் சப்போட்டா மரம். நாம் தின்னும் சப்போட்டா அந்த மண்ணின் பழமே. பெயரும் மெக்சிகோவின் பழைய மொழியொன்றிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்ததே.

படிக்கட்டின் முன் நின்று கை தட்டினால் எதிரொலி தட்டலாகத் திரும்புவதில்லை. பறவை கூவுவதுபோல், உயர்ந்து தொடங்கித் தாழ்ந்து முடிகிறது. அது கெட்சல் பறவையின் குரல் என்றார் வழிகாட்டி. இயற்பியல் மாணவர் இதனை எளிதில் கணக்கிடலாம். ஒவ்வொரு படியும் தனித்தனியே ஓர் எதிரொலியைத் திருப்புகிறது. படியின் அகலம் ஏறத்தாழ கால் மீட்டர். அடிப்படிகளில் அடுத்தடுத்த எதிரொலிகளுக்கிடையே ஒலி அரை மீட்டர் கூடுதலாகச் சென்று திரும்ப வேண்டும். அஃதாவது நொடிக்கு ஏறத்தாழ 650 துடிப்புகள். மேற்படிகளுக்கு ஒலி சாய்வாகச் செல்வதால் இடைவெளி கூடுகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவனுக்குத் துடிப்பு 500க்கும் கீழே இறங்கிவிடும் என்பது என் கணக்கு. துடிப்பு குறையக் குறையக் குரல் தாழ்கிறது. கட்டியவர்கள் இதை எண்ணித்தான் கட்டினார்களா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். கேட்டவர்கள் மகிழ்வதில் வேறுபாடில்லை.

ஆயினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது கோபுரத்தின் மேலே இருப்பதன்று, கீழே இருப்பது. 2015 ஆம் ஆண்டில் மெக்சிகோ அறிஞர்கள் கோபுரத்தைச் சுற்றி மின்முனைகளைப் பதித்து, நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்தி அளந்தனர். உலர்ந்த பாறை மின்சாரத்தைத் தடுக்கும். நீர் எளிதில் கடத்தும். தடை எங்கெங்கே குறைகிறது என்று வரைந்து பார்த்தபோது, கோபுரத்தின் அடியிலேயே நீருள்ள ஒரு பள்ளம் இருப்பதற்கான அடையாளம் கிடைத்தது. ஆண்டினை அளந்த கோயில், நீரின் மேல் நிற்கிறது.

இரு கிணறுகள்

கோபுரத்திலிருந்து வடக்கே ஒரு பழைய சாலை, ஏறத்தாழ 300 மீட்டர் சென்று புனிதச் செனோட்டேயின் விளிம்பில் முடிகிறது. அகலம் ஏறத்தாழ 60 மீட்டர். சுவர் செங்குத்து. பச்சைப் பாசி படர்ந்த நீர் இருபது மீட்டருக்கும் கீழே. அங்கே யாரும் குடிக்க நீர் எடுக்கவில்லை. குடிநீருக்கு ஷ்டோலோக் என்னும் வேறொரு செனோட்டே இருந்தது. இது மழைத் தெய்வமான சாக்குக்குக் காணிக்கை இடும் கிணறு. 1904 முதல் எட்வர்ட் தாம்சன் என்னும் அமெரிக்கர் இதன் அடிச்சேற்றை வாரினார். பொன், பச்சைக்கல், சாம்பிராணி போன்ற பிசின் உருண்டை, மனித எலும்பு எல்லாம் வந்தன.

கன்னிப் பெண்களை இதில் எறிந்தார்கள் என்னும் கதை இன்றும் உலவுகிறது. எலும்புகள் அக்கதையை ஏற்கவில்லை. அவற்றுள் சிறுவரும் ஆடவரும் உள்ளனர். இச்செனோட்டேக்கு அருகே ஒரு நிலவறையில் 1967 இல் கிடைத்த குழந்தை எலும்புகளில் 64 பேருடைய மரபணுவை ஆராய்ந்து 2024 ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். அனைவரும் ஆண் குழந்தைகள். இரண்டு இணை ஒட்டிய சாயல் இரட்டையரும் அவர்களுள் இருந்தனர். கொடிய செய்திதான். ஆனால் அந்த ஆய்வு இன்னொன்றையும் கண்டது. அக்குழந்தைகளின் மரபணு, அதே தீபகற்பத்தின் ஒரு சிற்றூரில் இன்று வாழும் மாயரின் மரபணுவோடு உறவு கொண்டிருக்கிறது.

நீராடிய இடம்

பிற்பகலில் அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் உள்ள இக் கில் செனோட்டேக்குச் சென்றோம். புனிதச் செனோட்டேயில் இறங்க முடியாது, இங்கே முடியும். பாறையைக் குடைந்த படிகளில் ஏறத்தாழ 26 மீட்டர் இறங்கினால் நீர். மேலே வட்டமான வானம். விளிம்பு மரங்களின் வேர்கள் திரைபோல் தொங்கி நீரைத் தொடுகின்றன. ஆழம் 40 மீட்டருக்கு மேல் என்பதால் மிதவைச் சட்டை அணியாமல் விடுவதில்லை. கறுப்பு மீன்குஞ்சுகள் காலை உரசிச் சென்றன. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே நீர் குளிர்ந்திருந்தது. நிலத்தடி நீர் ஆண்டின் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும் என்ற பாடத்தை உடம்பால் படித்தேன்.

இறங்குமுன் ஒவ்வொருவரும் குழாயடியில் நின்று, மேனியில் பூசிய வெயில் களிம்பைக் கழுவியாக வேண்டும். எங்களுள் சிலர் முணுமுணுத்தனர். வழிகாட்டி கோபிக்கவில்லை. “இது நீச்சல் குளமன்று, எங்கள் குடிநீரின் சாளரம்” என்றார்.

அது வெறும் அலங்காரச் சொல்லன்று. மணலுள்ள நிலத்தில் நீர் வடிகட்டப்பட்டு இறங்குகிறது. இங்கே மண்ணில்லை, பாறைப் பிளவில் விழுவது அப்படியே நீரில் கலக்கிறது. கழிவுநீர்த் தொட்டியும் வயலில் இடும் உரமும் பண்ணைக் கழிவும் கிணற்றில் வந்து சேர்கின்றன. மெரிதாவுக்குத் தென்கிழக்கே ஓமூன் என்னும் மாயர் ஊர் செனோட்டேக்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே எழுந்த பெரியதொரு பன்றிப் பண்ணையை எதிர்த்துக் குழந்தைகள் பெயரால் வழக்குத் தொடுத்தார்கள். 2018 இல் நீதிபதி பண்ணையை நிறுத்தி வைத்தார். கிழக்குக் கரையில் மாயா ரயில் பாதைக்காகக் குகைக் கூரைகளைத் துளைத்துத் தூண்கள் இறக்கியதும் கடும் எதிர்ப்பை எழுப்பியது. கிணற்றின் வாயில் நகரம் அமைத்தவர்களின் வழித்தோன்றல்கள் கிணற்றுக்காக இன்றும் வழக்காடுகிறார்கள்.

மறைந்தவர் யார்?

‘மறைந்துபோன மாயர்’ என்று சுற்றுலாத் தாள்களில் அச்சிடுகிறார்கள். அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மாயர் சொல்வதைக் கேட்டோம்! மாயா மொழிகள் ஏறத்தாழ 30. யுகட்டான் மாயா மொழியை மட்டும் மெக்சிகோவில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். மறைந்தவை நூல்களே. 1562 ஆம் ஆண்டில் மனி என்னும் ஊரில், டியேகோ டி லண்டா என்னும் பாதிரியார் மாயர்களின் ஏடுகளைத் தீயிலிட்டார். உலகில் இன்று எஞ்சியவை நான்கே. ஆனால் அதே லண்டா குறித்து வைத்த எழுத்துப் பட்டியலைக் கொண்டுதான், 1952 இல் லெனின்கிராடில் யூரி க்னோரோசொவ் அவ்வெழுத்துகள் அசைகளைக் குறிக்கின்றன என்று காட்டினார். அசைகளை ஒலித்தபோது அவற்றின் பொருளைக் கூற, வாழும் மாயா மொழிகள் இருந்தன. பேசுவோர் இல்லாதிருந்தால் கல் இன்றும் ஊமையாகவே இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் வழிகாட்டி என்னிடம், “நீங்கள் வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள்?” என்று கேட்டார். மும்பையில் வளர்ந்தவன் நான். பெற்றோரோடு தமிழ், தங்கையோடு இந்தி என்றேன். அவர் தலையசைத்தார். அவருடைய மகன் கான்குன் நகரில் ஓர் ஓட்டலில் வேலை பார்க்கிறானாம். தந்தை மாயா மொழியில் பேசினால் அவனுக்கு எல்லாம் புரியுமாம். பதில் மட்டும் ஸ்பானிய மொழியில் வருமாம்.

நண்பர்களே, ஒரு மொழியில் நீரின் பெயர்கள் வெறும் பெயர்களல்ல. அந்நிலத்தின் அறிவியல் குறிப்பேடு. ‘த்சொனோட்’ என்ற சொல்லில் பாறையின் வரலாறு அடங்கியிருக்கிறது. ஏரி, கண்மாய், ஊருணி, கேணி, கசம், மடு என்று நம்மிடமும் சொற்கள் உண்டு. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, இவை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு வேறுபடும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். அந்தக் குறிப்புகள் நம் இதழின் அடுத்த பாடமாகட்டும்.