பலத்தை மீதி வைப்போம்

தற்காப்புப் பயிற்சி என்றால் பலமாக அடிக்கக் கற்றுக்கொள்வது என்றே நானும் எண்ணியிருந்தேன். எமது கல்லூரியில் உயர்தர மாணவிகளுக்கு அப்பயிற்சி ஆரம்பமான முதல் நாளே அந்த எண்ணம் பிழையென்று விளங்கியது.

அன்று பயிற்சியாளர் மிஸ் எங்களை இருவர் இருவராக நிறுத்தினார். ஒருத்தி மற்றவளின் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவள் விடுவித்துக்கொள்ள வேண்டும். நான் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, தோளை உயர்த்தி இழுத்தேன். ஒருவாறு கை விடுபட்டது. ஆனால் நெஞ்சு படபடக்க அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

"விடுபட்டீங்கதான். இப்ப கேட் வரைக்கும் ஓட ஏலுமா?" என்று மிஸ் கேட்டார்.

"ஏலாது மிஸ்."

"அப்ப விடுபட்டும் பிரயோசனம் இல்லையே!"

பின்னேர வகுப்பு முடிந்து ஒழுங்கை வழியே வீடு திரும்பும் எனக்கு அந்த வார்த்தை நன்றாக உறைத்தது. தற்காப்பின் நோக்கம் எதிராளியை வீழ்த்துவதல்ல. பத்திரமாக வீடு சேர்வது. அதற்கு ஓடவும் சத்தமிடவும் பலம் மீதி இருக்க வேண்டும்.

இந்த உண்மையை ஒரு கலையாகவே வளர்த்தவர் ஜப்பானைச் சேர்ந்த கானோ ஜிகோரோ. 1860 இல் பிறந்த அவர் சிறிய உடல்வாகு கொண்டவர். மாணவப் பருவத்தில் பலசாலிகளின் தொல்லைக்கு ஆளானதால் ஜுஜுட்சு என்ற பழைய தற்காப்புக் கலையைக் கற்றார். 1882 இல் டோக்கியோவில் கொடோகன் என்ற பயிற்சிக்கூடத்தை நிறுவி, ஜூடோவை உருவாக்கினார். உடல், உள்ள ஆற்றலை வீணாக்காமல் உச்சப் பயன் பெறுதல் என்பதே அதன் அடிப்படை.

இதனை அவர் எண்களால் விளக்கினார். எதிராளியின் பலம் 10, எனது பலம் 7 என வைத்துக்கொள்வோம். அவர் தள்ளும்போது நான் எதிர்த்துத் தள்ளினால் தோற்பேன். எதிர்க்காமல் பின்வாங்கினால் அவர் முன்னோக்கிச் சரிந்து சமநிலை இழப்பார். அக்கணத்தில் அவரது பலம் 3 ஆகிவிடும். நானோ சமநிலையில் நிற்கிறேன். என்னிடம் 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதியைக் கொண்டே அவரை வெல்லலாம், மறுபாதி மீதியாகும். மிஸ் என்னிடம் கேட்டதும் அந்த மறுபாதியைத்தான்!

இது ஆண்களுக்கு மட்டுமான கணக்கல்ல. கானோவிடம் பயின்ற ஃபுக்குடா கெய்க்கோ என்ற பெண்மணி 5 அடி உயரம்கூட இல்லாதவர். அவர் 2011 இல், தமது 98 ஆவது வயதில், ஜூடோவின் 10 ஆவது டான் தரத்தைப் பெற்ற முதற் பெண்ணானார்.

சரி, நான் ஏன் அவ்வளவு விரைவாகக் களைத்தேன்? முழு வலுவுடன் இயங்குவதற்குத் தசைகளில் தயாராக உள்ள சக்தி ஏறத்தாழ 10 செக்கன்களுக்கே போதும். தசையை இறுக்கியே வைத்திருந்தால் அதற்குள் இரத்தவோட்டமும் குறைகிறது. மூச்சையும் அடக்கினால் களைப்பு இன்னும் விரைவாக வரும். கையை இழுப்பதற்குத் தேவையில்லாத முகம், கழுத்து, தோள் எல்லாவற்றையும் நான் இறுக்கியிருந்தேன். செலவு பெரிது, பயன் சிறிது.

பின்னர் மிஸ் கற்றுத்தந்தவை இவை:

1. கால்களைத் தோளளவு அகட்டி, முழங்காலைச் சற்று மடித்து நில்லுங்கள். சமநிலை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. தோளைத் தளர்த்துங்கள். பலம் போடும் கணத்தில் மூச்சை வெளியே விட்டுச் சத்தமிடுங்கள். மூச்சும் சீராகும், உதவிக்கு ஆளும் வரும்.

3. பிடியின் பலவீனமான இடம், பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவேயுள்ள இடைவெளி. மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அதற்கு நேரே திருப்பி, முழங்கையை மடித்து, உடலோடு சேர்த்துச் சுழற்றுங்கள்.

4. பையைப் பறித்தால் விட்டுவிடுங்கள். பை மீண்டும் வாங்கலாம்.

5. விடுபட்டதும் நின்று பார்க்க வேண்டாம். வெளிச்சமும் சனமும் உள்ள பக்கம் ஓடுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, சிறுவர் உதவி இலக்கம் 1929 இரண்டையும் மனதில் வைத்திருங்கள்.

இவற்றை முதலில் மெதுவாகவே பழக வேண்டும். மெதுவாகச் செய்யும்போதுதான் எங்கே வீணாக இறுக்குகிறோம் என்பது தெரியும்.

உம்மாவுக்கு ஆரம்பத்தில் இதில் விருப்பமில்லை. "பொம்பளப் புள்ளைக்கு அடிதடி என்னத்துக்கு?" என்றார். ஒருநாள் என் மணிக்கட்டை இறுகப் பிடிக்கச் சொன்னேன். மூச்சை விட்டுச் சுழற்றினேன்; கை வழுக்கி வந்தது. உம்மா தன் கையையே சற்று நேரம் பார்த்தார்.

"கிணத்துல வாளிய வெறுங்கையாலயா இழுக்கிறோம்? உடம்பச் சாய்ச்சித்தானே இழுக்கிறோம். இதுவும் அதுதானே மகள்?" என்றார்.

கானோவின் பாடத்தை உம்மா கிணற்றடியிலேயே படித்திருக்கிறார்! அடுத்த வகுப்புக்குத் தங்கையின் பெயரையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

பெற்றோர்களே, இது அடிதடி கற்கும் வகுப்பல்ல. வீடு திரும்பக் கற்கும் வகுப்பு. சகோதரிகளே, எமக்குப் பலம் குறைவென்று அஞ்ச வேண்டாம். இருப்பதை வீணாக்காமல், பாதியை மீதி வைக்கப் பழகுவோம்.